ஒன்றரை மடங்கு கெல்வின்

ஒரு மனிதனைத் தலை முதல் கால் வரை அளந்து பார்க்க உரிமை உள்ளவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் தையல்காரர். அளந்தால் சட்டை வரும். இன்னொருவர் சவப்பெட்டி செய்பவர். அவர் அளக்கும்போது நமக்குப் புகார் எதுவும் இருக்காது. இந்த இருவரையும் தவிர மூன்றாவதாக ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். அது சட்டையும் தராது, பெட்டியும் தராது. சும்மா அளக்கும். அளந்து முடித்து, "உனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று சொல்லும். சொல்லிவிட்டு அடுத்த ஆளை நிமிர்ந்து பார்க்கும்.

போர்ட் டன்ஸ்டன் கடற்கரையில் இந்த இனத்தின் பெயர் கெல்வின் ட்ரெசைஸ்.

கெல்வின் முப்பது வருஷம் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்து, லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை என்று போட்டுப் போட்டு, கடைசியில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். லாரிகள் போய்விட்டன. பழக்கம் போகவில்லை. வீட்டில் அவர் மனைவி தன்னை அளக்க விடுகிற ரகம் இல்லை. ஆகவே கெல்வின் ஐலீனின் தூண்டில் கடைக்கு வந்து, வாசலுக்கு நேர் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, பெல்ட்டில் ஓர் இரும்பு டேப்பைச் செருகிக்கொண்டு, ஊரில் தூண்டில் கோல் வாங்க வருகிறவர்களையெல்லாம் வழிமறிக்க ஆரம்பித்தார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால் இந்த இனமே என்றைக்கோ அழிந்திருக்கும்.

கடைக்குள் ஒருவர் நுழைகிறார் என்று வையுங்கள். என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள், பாலத்திலிருந்தா, பாறையிலிருந்தா, அலைக்கரையிலிருந்தா என்று கெல்வின் எதுவும் கேட்க மாட்டார். அதெல்லாம் சில்லறை விஷயம். அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"ஒசரம் என்ன?"

"அஞ்சு பத்து இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

அவ்வளவுதான், டேப் வெளியே வந்துவிடும். வந்தவர் கதவு நிலையோடு நிலையாக நிறுத்தப்படுவார். உச்சந்தலையில் ஒரு பிஸ்கட் டப்பா மூடி வைக்கப்படும்.

"அஞ்சு ஒம்பது. பத்துன்னு யாரு சொன்னது உனக்கு? உன் சம்சாரமா? சரி, விடு. உனக்கு எட்டடி ஏழரை அங்குலம். ஒசரத்துல ஒன்றரை மடங்கு. அதுக்கு மேல ஒரு விரல் போனாலும் கோல்தான் உன்னைப் பிடிச்சிருக்கும், நீ கோலைப் பிடிச்சிருக்க மாட்ட."

எட்டடி ஏழரை அங்குலத்தில் எந்தக் கம்பெனியும் கோல் செய்வதில்லை. அது கம்பெனிகளின் குற்றம்.

ஒரு தடவை நகரத்திலிருந்து வந்த ஒருவர், பாவம், யோசிக்கிற பழக்கம் உள்ளவர், வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டுவிட்டார். "நான் முழங்கால் தண்ணியில எறங்கி நின்னுதாங்க வீசுவேன். அப்ப எப்பிடி?"

கெல்வின் கண் இமைக்கவில்லை. "முழங்காலைக் கழிச்சுக்க."

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஏற ஏற மனிதன் குறைகிறான்; மனிதன் குறையக் குறையக் கோலும் குறைய வேண்டும். இடுப்பளவில் நிற்பவனுக்கு நாலரை அடி. கழுத்தளவில் நிற்பவனுக்கு ஒரு கரண்டிக் காம்பு போதும். முழுக்க மூழ்கியவனுக்குக் கோலே வேண்டாம். அந்த ஓர் இடத்தில் மட்டும் விதி மிகச் சரியாக இருக்கிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. பல வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம், கெல்வின் தம் இடுப்பளவு பெரிய முல்லவே மீன் ஒன்றைப் பிடித்தார். பிடித்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்குக் கையில் இருந்தது எட்டரை அடிக் கோல். வீட்டுக்கு வந்த கையோடு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சுவரோடு நின்று தம்மை அளந்து பார்த்தார். ஐந்தடி எட்டங்குலம். கோலை ஆளால் வகுத்தார். ஒன்றரை! கச்சிதமாக ஒன்றரை! அந்த மீனுக்குப் பசித்திருக்கலாம், கண் தெரியாமல் இருந்திருக்கலாம், வாழ்க்கை வெறுத்துப் போயிருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வரவில்லை. ஒரு மீனும் ஒரு ஜோடி பூட்ஸும் சேர்ந்து ஊருக்கே ஒரு சட்டத்தைப் பெற்றெடுத்துவிட்டன. பூட்ஸைக் கழற்றினால் கெல்வின் ஐந்தடி ஆறரைதான். கழற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஊர் மக்கள் என்ன, முட்டாள்களா? இல்லை. முட்டாள்களைவிட மோசம். கெட்டிக்காரர்கள். "ஆமாங்க கெல்வின், நீங்க சொன்னா சரிதான்" என்று தலையாட்டி, விதிப்படி ஒரு குட்டைக் கோலை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து பன்னிரண்டு அடியில் இன்னொன்று வாங்கிப் போவார்கள். வீட்டுக்கு வீடு இரண்டு கோல். கெல்வினுக்குக் காட்ட ஒன்று, மீனுக்குக் காட்ட ஒன்று. ஆளுக்கு ஒன்று விற்ற இடத்தில் இரண்டு விற்றால் கடைக்காரிக்குக் கசக்குமா? ஐலீன் அந்த முக்காலிக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டாள்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பாருங்கள், அளக்கிறவன் கையில் யாராவது ஒரு பதவியையும் கொடுத்துத் தொலைப்பார்கள். ஊர்த் தூண்டில் சங்கத்திலிருந்து வருஷா வருஷம் மாநிலப் போட்டிக்கு நாலு பேர் கொண்ட அணி போகும். அந்த நாலு பேரைப் பொறுக்குகிறவர் கெல்வின். அவர் பார்க்கும் தேர்வு நாளில் எல்லோரும் அவருக்குக் காட்டும் கோலோடுதான் வருவார்கள். வேறு வழி? அந்தக் கோலில் போட்ட இரை முதல் அலையிலேயே விழுந்து திரும்பி வரும். மீன் படுத்திருப்பதோ இரண்டாவது அலைக்கு அப்பால் உள்ள பள்ளத்தில். ஆகவே தேர்வு நாளில் யாருக்கும் மீன் கிடைக்காது. கெல்வின் மீனை விட்டுவிட்டு நிற்கிற தோரணையைப் பார்த்து நாலு பேரைப் பொறுக்குவார். அந்த நாலு பேரும் மாநிலப் போட்டிக்குப் போய், அதே குட்டைக் கோலோடு, தவறாமல் கடைசி இடம் வாங்கி வருவார்கள். "போன தடவை காத்து சரியில்ல" என்பார் கெல்வின். காற்றுக்கு உயரம் கிடையாது. அதனால் அதன் மேல் எந்தப் பழியையும் போடலாம்.

அந்த அணியைப் போட்டிக்கு ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டுகிறவள் நொரீன் லிண்ட்னர். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பஸ். ஐந்தடி உயரம், அதற்கு மேல் தலைமுடிதான். முதுகுக்கு ஒரு தலையணை, கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய வண்டியை ஓட்டுவாள். பன்னிரண்டு வருஷமாக அந்த நாலு ஆண்பிள்ளைகளையும் ஏற்றிப்போய், மணலில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, அவர்கள் தோற்பதைப் பார்த்து, திரும்பும் வழியெல்லாம் காற்றைப் பற்றிய பேச்சைக் கேட்டு, வீடு கொண்டுவந்து சேர்த்தவள். அவளுக்கு அந்த அணியில் ஓர் இடம் வேண்டும். வேறெதுவும் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் கெல்வின் ஒரே பதிலைச் சொன்னார்.

"இங்க பாரும்மா நொரீன். எனக்கு ஒண்ணும் உன்மேல கோவமில்ல. நீ அஞ்சடி. உனக்கு ஏழரை அடிக் கோல். ஏழரை அடியில ரெண்டாவது அலையத் தாண்டிப் போட முடியுமா? முடியாது. நானா சொல்றேன்? கணக்கு சொல்லுது."

கவனித்தீர்களா? இந்த இனத்தின் சாமர்த்தியமே இதுதான். கதவைச் சாத்துவது அவர்; சாத்தியது கணக்கு என்பார். நொரீன் வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்று அழுதிருக்கிறாள். மீனுக்காக ஒரு பெண் அழுவாளா என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு வருஷம் பிறருக்குத் தேநீர் ஊற்றிப் பார்த்தால் தெரியும்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முன் மூன்று பேர் தேர்வாகிவிட்டார்கள். நாலாவது இடம் பாக்கி. அதற்குக் கெல்வின் மனதில் ஏற்கெனவே ஆள் இருந்தான்: டாரில் ஹாக்கிங், ஆறடி இரண்டங்குலம். டாரில் நல்லவன்தான். இரண்டு பருவமாக ஒரு மீனும் பிடித்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் என்ன உயரம்! ஒன்பதடி மூன்றங்குலக் கோலோடு அவன் மணலில் நிற்பதைப் பார்த்தாலே கெல்வினுக்குக் கண் நிறைந்துவிடும். மீன் வரவில்லை என்றால் அது மீனுடைய அறியாமை.

நொரீன் இந்தத் தடவை கெல்வினிடம் போகவில்லை. சங்கத்துக்குச் செயலாளரும் ஐலீன்தான். நேரே அவளிடம் போனாள்.

"ஐலீன், ஞாயித்துக்கெழம நானும் டாரிலும் பக்கத்துல பக்கத்துல நின்னு போடுறோம். யாரு பெரிய மீனு பிடிக்கிறாங்களோ அவங்களுக்கு எடம். ஆளப் பாத்து வேணாம். மீனப் பாத்துச் சொல்லுங்க."

ஐலீன் யோசித்தாள். இரண்டு கோல் வியாபாரம் ஒரு பக்கம். வருஷா வருஷம் கடைசி இடம், மற்ற ஊர்க் கடைக்காரிகளின் இளிப்பு இன்னொரு பக்கம். "சரிடி, வா" என்றாள்.

கெல்வினிடம் சொன்னபோது அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "வரட்டுமே. யாரு வேணாம்னா?" என்றார். பாவம், அவள் தோளில் என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கம் முழுக்க அலைக்கரையில் கூடியிருந்தது. நொரீன் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து, ஒரு கோலை இழுத்தாள். இழுத்தாள், இழுத்தாள், இன்னும் இழுத்தாள். பதிமூன்று அடி! ஊரே இரகசியமாக வைத்திருக்கும் பொருளை ஒருத்தி பட்டப்பகலில் தோளில் போட்டுக்கொண்டு கெல்வினுக்கு முன்னால் நடந்து வந்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் வண்டியில் கிடக்கும் பன்னிரண்டு அடியை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கெல்வின் டேப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பயம்தான், வேறென்ன. அவள் ஒரு மீனைப் பிடித்துவிட்டால்? முக்காலி? மெத்தை? கதவு நிலை? நாளைக்கு எவன் உச்சந்தலையில் பிஸ்கட் மூடி வைப்பது?

"அம்மாடி, அது ரெண்டரை மடங்குக்கு மேல! அத எடுத்து வீசினேன்னா உன்னையும் சேத்துக் கடல்ல போடும்!"

"போடட்டும் கெல்வின். நீந்தி வர்றேன்" என்றாள் நொரீன்.

முதலில் டாரில். ஆகா, என்ன தோரணை! கால் அகற்றி, மார்பு நிமிர்த்தி, ஒன்பதடி மூன்றங்குலத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய் ஒரு வீச்சு. கெல்வின் கை தட்டினார். ஈயக்குண்டு முதல் அலையின் தலையில் போய் உட்கார்ந்தது. டாரில் கோலை மணலில் செருகியிருந்த ஒரு குழாயில் நட்டுவிட்டு உட்கார்ந்தான்.

பிறகு நொரீன். அவள் தலைக்கு மேல் தூக்கவில்லை. கோலை மணலுக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீட்டி, பன்னிரண்டு வருஷம் பஸ் ஸ்டியரிங் திருப்பிய இரண்டு தோளையும் இடுப்பையும் சேர்த்துச் சுழற்றி ஒரு வீச்சு. பார்க்க லட்சணமாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தொப்பி பறந்தது. ஒரு கால் பூட்ஸ் மணலிலேயே நின்றுவிட்டது. ஈயக்குண்டு முதல் அலையைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டி, பள்ளத்தில் போய் விழுந்தது. அவள் கோலைக் குழாயில் நட்டு, நரம்பை இறுக்கி, பூட்ஸைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, கறி பொதிந்த சூடான பேஸ்டி ஒன்றைக் கடித்தாள்.

கெல்வின் விட்டாரா? "பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்! கையில பிடிக்க முடியல அவளால. போட்ட ஒடனே குழாயில வச்சிட்டா!"

நொரீன் மென்றதை விழுங்கினாள். "டாரிலும்தான வச்சிருக்கான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாரிலின் கோல் குழாயில் நின்றது. அதற்கு அப்பால் அன்றைக்குச் சும்மா வந்து போட்டவர்களின் கோல்களும், கரை நெடுக, ஒவ்வொன்றும் மணலில் செருகிய ஒரு பி.வி.சி. குழாயில்தான் நின்றன. கோலைக் கையில் பிடித்தவர்கள் என்று ஒருவர்கூட இல்லை. எல்லோர் கையிலும் பேஸ்டியும் தேநீரும்தான் இருந்தன.

"ஏன் கெல்வின்," என்றாள் நொரீன், "இப்ப மீன் பிடிக்கிறது நானா, குழாயா?"

"அது வந்து..."

"குழாயில்ல பிடிச்சுக்கிட்டு நிக்குது? அப்ப அதோட ஒசரத்த அளந்து சொல்லுங்க. சரியான கோல்தானான்னு பாத்துருவோம்."

மானமுள்ளவன் அங்கே வாயை மூடிக்கொண்டிருப்பான். ஆனால் 'அளந்து சொல்லுங்க' என்று ஒருவர் கேட்டுவிட்டார்! இத்தனை வருஷத்தில் முதன்முதலாக, ஒருவர், வாய்விட்டு! கெல்வினின் கை தானாகவே பெல்ட்டுக்குப் போய்விட்டது. சங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மணலில் ஒரு முழங்காலை ஊன்றி, டேப்பை இழுத்து, குழாயை அளந்தார்.

"மூணடி ரெண்டங்குலம்" என்றார். பிறகு, பழக்கதோஷம், நிறுத்த முடியவில்லை: "ஒன்றரை மடங்கு... நாலடி ஒம்பது."

ஐலீன்தான் முதலில் சிரித்தாள். "அப்ப நாம எல்லாரும் கைத்தடியிலதான் மீன் பிடிக்கணுமா கெல்வின்?"

கரை முழுக்கச் சிரிப்பு. டாரில்கூட, அந்த ஆறடி இரண்டங்குலமும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கெல்வின் எழுந்து முழங்கால் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "குழாய்க்கு விதி வேற" என்றார்.

அந்த நேரம் பார்த்து நொரீனின் கோல் வளைந்தது. பேஸ்டி மணலில் விழுந்தது. ரீல் கத்தியது. அவள் கோலைப் பிடுங்கி அடிக்கட்டையை இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, கரையோரமாக மீன் இழுத்த பக்கமெல்லாம் ஓடினாள், அவளுக்குப் பின்னால் கெல்வின், "தூக்காத! தூக்கு! விடு! விடாத!" என்று ஓடினார். கடைசியில் ஓர் அலையோடு அலையாக மீன் மணலில் வந்து கிடந்தது. முல்லவே. டாரிலின் கையை நீட்டினால் தோளிலிருந்து விரல்நுனி வரை வரும், அதற்கு மேலும் கொஞ்சம் வரும். டாரிலுக்கு அன்று கிடைத்தது கடற்பாசி.

நொரீன் மணலில் முட்டிபோட்டு உட்கார்ந்து அழுதாள். ஐலீன் அவளைக் கட்டிக்கொண்டு, "எந்திரிடி, எடம் உனக்குத்தான்" என்றாள். கெல்வின் மீனை இருபக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"அவ்வளவு பெருசெல்லாம் இல்ல" என்றார். "பக்கத்துல நிக்கிறவ குட்டை. அதான் நீளமாத் தெரியுது."

அணி அந்த வருஷம் பதிமூன்று அடிக் கோல்களோடு போய், கடைசிக்கு முந்தின இடத்தைப் பிடித்தது. ஊர் கொண்டாடியது. பஸ்ஸை டாரில் ஓட்டினான். தேநீரும் அவனே ஊற்றினான், நன்றாகவே ஊற்றினான் என்றார்கள்.

கெல்வின் ஒழிந்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி ஒழிகிற இனமா இது? அடுத்த திங்கட்கிழமையே முக்காலியில் இருந்தார். உள்ளே வந்தவரைப் பார்த்து, "கைய விரி" என்றார். உயரம் எல்லாம் பழைய காலமாம். இப்போது கை வீச்சளவாம். நொரீனின் கோலை நொரீனின் விரித்த கைகளால் வகுத்து ஒரு புது விதி கண்டுபிடித்திருக்கிறார். மறுபடியும் ஒரே ஒரு மீன்.

ஆனால் அதுகூடப் பரவாயில்லை. நொரீனைத்தான் சொல்ல வேண்டும். சென்ற வாரம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை, கம்பம் போல் உயரமானவள், பாலத்து ஓரத்தில் சின்ன மீன் பிடிக்க ஆறடியில் ஒரு கோல் கேட்டு ஐலீனின் கடைக்கு வந்தாள். நொரீன் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஆறடியா? அதெல்லாம் உனக்குச் சரிப்படாது. பதிமூணு. யாரா இருந்தாலும் பதிமூணு. நானே பதிமூணு வீசுறேன், உனக்கென்ன?"

"இல்லீங்க, பாலத்துலேருந்து சும்மா தொங்கவிட..."

"எங்கேருந்தா இருந்தா என்ன? பதிமூணு."

ஐலீன் உள்ளே போய் இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து கெல்வினின் முக்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். அதற்கும் மெத்தை தைத்திருந்தாள். இப்போது வீட்டுக்கு வீடு மூன்று கோல்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. கடலே பார்க்காதவராகக்கூட இருப்பீர்கள், மீன் நாற்றமே ஆகாதவராகக்கூட இருப்பீர்கள். இருந்தும் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, எங்கோ ஓரிடத்தில், உங்கள் உயரத்தை ஒன்றரையால் பெருக்கிப் பார்த்தீர்கள். மறுக்காதீர்கள். பெருக்கி, வந்த அளவை வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு வரும் என்றும் ஒரு நொடி பார்த்தீர்கள். ஐலீன் மூன்றாவது முக்காலிக்குத் துணி எடுத்துவிட்டாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான். பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட அந்த உயரம், செருப்பைக் கழற்றிவிட்டு அளந்ததுதானே?